குழந்தைகளின் பேச்சும் பேச்சுப் பயிற்சியும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேச்சுப் பயிற்சிக்குக் குழந்தையை அழைத்து வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். உள்ளே வந்து உட்கார்ந்ததும் கேட்பவை சில. கிளம்பும் நேரத்தில் கதவருகே நின்று தயங்கித் தயங்கிக் கேட்பவை சில. இந்த இரண்டாவது வகையில்தான் உண்மையான கவலை இருக்கும். இரண்டையும் பெற்றோர் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. இவற்றைப் படித்துவிட்டீர்கள் என்பதற்காகக் குழந்தையை நேரில் காட்டாமல் இருந்துவிட வேண்டாம்.

பேச்சுப் பயிற்சி என்றால் என்ன? வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்துத் திரும்பச் சொல்ல வைப்பதுதானே?

அது மிகச் சிறிய பகுதி. ஒலிகளைத் தெளிவாக உச்சரிப்பது, தடங்கல் இல்லாமல் சொல்வது, குரல் ஆகியவை பேச்சைச் சேர்ந்தவை. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும், சொற்களைத் தெரிந்துவைத்து வாக்கியமாகக் கோப்பதும் மொழியைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் அடித்தளமாக இன்னொன்று உண்டு: தன் மனத்தில் இருப்பதை இன்னொருவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விருப்பம். பார்வை, சைகை, முகபாவம், முறை வைத்து விளையாடுவது எல்லாம் அதிலிருந்து வருபவை.

குழந்தைக்கு இவற்றில் எங்கே சிக்கல் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குவதே பேச்சுப் பயிற்சி. ஆகவே 'ஸ்பீச் தெரபி' என்ற ஒரே பெயரில் இரு குழந்தைகளுக்கு நடப்பவை முற்றிலும் வேறாக இருக்கலாம். பக்கத்து அறைக் குழந்தை அட்டையைப் பார்த்துச் சொற்களைச் சொல்லிக்கொண்டிருக்க, உங்கள் குழந்தை பந்து உருட்டிக்கொண்டிருந்தால் கவலைப்பட வேண்டாம்.

எந்த வயதில் எவ்வளவு பேச வேண்டும்?

குழந்தைக்குக் குழந்தை வித்தியாசம் உண்டு. ஆனாலும் சில அடையாளங்களை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் தாண்டிச் சில மாதங்களுக்குள் "பாபா", "மாமா" என்று ஒலிகளை அடுக்கத் தொடங்கும். ஒரு வயதை ஒட்டிப் பெயரைச் சொன்னால் திரும்பும், கையசைக்கும், ஒன்றிரண்டு சொற்கள் எட்டிப் பார்க்கும். இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்கள் இருக்கும். "அம்மா வா", "இன்னும் தா" என்று இரண்டு சொற்களைச் சேர்க்கும். மூன்று வயதில் சிறு வாக்கியங்கள். நான்கு வயதில் முன்பின் அறியாதவருக்கும் குழந்தை சொல்வதில் பெரும்பகுதி புரிய வேண்டும்.

சொற்களை எண்ணும் பெற்றோர் பலர் குழந்தையின் சுட்டுவிரலைக் கவனிப்பதில்லை. வானத்தில் விமானம் போகிறது. குழந்தை அதைச் சுட்டிக் காட்டுகிறது. உடனே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது. "நீயும் பார்" என்று சொல்லியாகிவிட்டது, ஒரு சொல்கூட இல்லாமல். பேச்சு இந்த இடத்திலிருந்துதான் முளைக்கிறது. ஒன்றரை வயதாகியும் இப்படிச் சுட்டிக் காட்டவில்லை என்றால், சொற்கள் சில இருந்தாலும் காட்டி விசாரித்துவிடுங்கள்.

இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினாராம். ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்களாம். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?

வீட்டுப் பெரியவர்கள் ஆறுதலுக்காகச் சொல்வது இது. ஆனால் குடும்பத்தில் ஒருவர் தாமதமாகப் பேசியிருந்தால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதே உண்மை. பேச்சு, மொழிச் சிக்கல்கள் பல குடும்பவழி வருபவை. ஆண், பெண் வித்தியாசமும் உண்டுதான். ஆனால் அது சராசரியாக ஓரிரு மாதங்கள் அளவுக்கே. ஒரு வருடத் தாமதத்துக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

வேறு சிக்கல் ஏதுமின்றித் தாமதமாகப் பேசத் தொடங்கும் இரண்டு வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். எட்டப்போவது யார், எட்டாதது யார் என்பதை இரண்டு வயதில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சைகை குறைவாக இருப்பது, சொன்னது புரியாமல் இருப்பது, பொம்மைக்குச் சோறூட்டுவது போன்ற பாவனை விளையாட்டு இல்லாதது ஆகியவை இருந்தால் தானாக எட்டும் வாய்ப்பு குறைவு. அதனால் ஒருமுறை காட்டிவிட்டு, பயிற்சியாளர் சொல்லும் இடைவெளியில் மறுபடி காட்டுங்கள். காட்டாமலேயே காத்திருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கூப்பிட்டால் திரும்புகிறாள், பாட்டுப் போட்டால் ஆடுகிறாள். காது நன்றாகத்தானே கேட்கிறது? எதற்குக் கேட்கும் திறன் பரிசோதனை?

பேச்சில் சந்தேகம் வந்தால் முதல் வேலை இதுதான். இதைத் தவிர்த்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குவதை நான் ஏற்பதில்லை. உயர்ந்த சுருதி ஒலிகளை மட்டும் சரியாகக் கேட்காத குழந்தைக்குக் கதவு சாத்தும் ஓசை கேட்கும், பாட்டின் தாளம் கேட்கும், தன் பெயரும் கேட்கும். ஆனால் 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். அந்தக் குழந்தைக்கு நம் பேச்சு பாதி அழிந்த எழுத்தாகத்தான் வந்து சேரும்.

அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்குவதுண்டு. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. கேட்கும் திறன் மட்டும் சில வாரங்கள் குறைந்து மறுபடி சரியாகும். இந்த ஏற்ற இறக்கத்தை வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். பிறந்தபோது செய்த பரிசோதனையில் குறையில்லை என்றாலும் பின்னால் குறை வரலாம். காதில் ஒலி கொடுத்து, அதற்கு நரம்பும் மூளையும் காட்டும் மின் எதிர்வினையை அளக்கும் பெரா போன்ற சோதனைகளைக் குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். அது பதில் சொல்ல வேண்டியதே இல்லை. பிறவியிலேயே குறை இருந்தால் ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது பல நாடுகள் பின்பற்றும் இலக்கு.

நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிறது என்கிறார்கள். அதை வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடுமா?

வராது. நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருப்பது சில பச்சிளங்குழந்தைகளுக்குத் தாய்ப்பால் குடிப்பதில் தொந்தரவு தரலாம். வளர்ந்தபின் சில ஒலிகளைச் சொல்வதில் சற்றுச் சிரமம் இருக்கக்கூடும். ஆனால் சொற்களே வராததற்கும், சொன்னது புரியாததற்கும் நாக்கு காரணமாக இருக்க முடியாது. பேசவே இயலாதவரும் சைகையால் மொழி பேசுகிறார்களே! வெட்டுவதற்கு முன் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் பார்த்து, எந்த ஒலிக்கு அது தடையாக இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியாவிட்டால் வெட்ட அவசரம் இல்லை.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. குழம்பித்தான் பேசாமல் இருக்கிறானா? ஒரே மொழியில் பேச வேண்டுமா?

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. இரண்டு மொழிக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாகத் தெரியலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசுவதும் இயல்புதான். உண்மையான மொழிச் சிக்கல் இருந்தால் அது இரண்டு மொழிகளிலும் தெரியும். ஒன்றை நிறுத்திவிடுவதால் மற்றது வளர்வதில்லை.

வீட்டு மொழியை விட்டுவிடும்படி சொல்லும் ஆலோசனை என்னைக் கோபப்படுத்துகிறது. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் அவர் குழந்தையிடம் என்ன பேசுவார்? நான்கைந்து கட்டளைகளோடு முடிந்துவிடும். கொஞ்சலும், கதையும், கோபமும், தாலாட்டும் எந்த மொழியில் தடையில்லாமல் வருகின்றனவோ அந்த மொழியில் பேசுங்கள்.

போனும் டிவியும் பார்த்ததால்தான் இப்படி ஆகிவிட்டதா? எங்கள் தவறுதானா?

திரை மட்டுமே ஒரு குழந்தைக்கு மொழிக் குறைபாட்டையோ ஆட்டிசத்தையோ உண்டாக்குவதாகச் சொல்ல முடியாது. ஆகவே குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். ஆனால் திரை ஓடும் நேரமெல்லாம் நீங்களும் குழந்தையும் பேசிக்கொள்ளாத நேரம். உலக சுகாதார அமைப்பு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம் என்கிறது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது.

ஆங்கில எழுத்துகளையும் வண்ணங்களின் பெயர்களையும் சொல்கிறான், ஆனால் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை என்று பல பெற்றோர் சொல்வார்கள். திரை அந்தச் சொற்களைக் கொடுத்தது. இன்னொருவரிடம் பேசும் பழக்கத்தை அதனால் கொடுக்க முடியாது.

முதல் நாள் என்ன செய்வார்கள்? அவன் புது இடத்தில் வாயே திறக்க மாட்டான்.

அது பயிற்சியாளருக்குத் தெரியும். கருவுற்ற காலம், பிறப்பு, நோய்கள், நடை, தூக்கம், உணவு என்று உங்களிடம் நிறையக் கேட்பார். குழந்தையை விளையாடவிட்டுக் கவனிப்பார். வயதுக்கேற்ற கேள்விகளும் படங்களும் வைத்திருப்பார். வீட்டில் குழந்தை இயல்பாக விளையாடும்போது எடுத்த சில நிமிட வீடியோவைக் கொண்டுபோனால் பெரிய உதவியாக இருக்கும். அதற்காகக் குழந்தையை உட்காரவைத்து "சொல்லு, சொல்லு" என்று எடுத்த வீடியோ வேண்டாம்.

முக்கால் மணி நேரமும் விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள். இதற்குப் பெயர் பயிற்சியா?

அருகில் உட்கார்ந்து பாருங்கள். சோப்புக் குமிழி விடும் டப்பாவை மூடி இறுக்கிக் குழந்தையிடம் கொடுக்கிறார் பயிற்சியாளர். குழந்தை திருகிப் பார்க்கிறது, முடியவில்லை. அவர் உதவவும் இல்லை, பேசவும் இல்லை. முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார். குழந்தை டப்பாவை அவர் கையில் வைத்து நிமிர்ந்து பார்க்கிறது. அந்த நொடியில் "திற" என்று சொல்லித் திறக்கிறார். ஒரு தடவை ஊதுகிறார், மூடுகிறார், மறுபடி கொடுக்கிறார். பத்தாவது தடவையோ பத்தாவது நாளோ "தி" என்று ஓர் ஒலி வருகிறது.

மேலே சொன்ன அடித்தளம், அதாவது தெரிவிக்க வேண்டும் என்ற விருப்பம், இப்படித்தான் கட்டப்படுகிறது. கேட்க வேண்டிய தேவை குழந்தைக்கு வந்த அதே கணத்தில் சொல் காதில் விழ வேண்டும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு குறிக்கோள் இருக்க வேண்டும் என்பதும் உண்மை. "இன்று எதற்காக இதை விளையாடினீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்வது அவர் கடமை.

வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் போகிறோம். மற்ற நாட்களில் வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பயிற்சி அறையில் கழிவது சொற்பம். மீதி முழுவதும் உங்களோடுதான். தனியாக நேரம் ஒதுக்கிப் பாடம் நடத்தத் தேவையில்லை. குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது, சாப்பாடு, படுக்கை என்று தினமும் நடப்பவற்றிலேயே செய்யலாம். முதலில் குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசுங்கள். கார் சக்கரத்தைச் சுற்றும் குழந்தையிடம் "இந்தப் புத்தகத்தைப் பார்" என்று இழுக்காதீர்கள். "சக்கரம். சுற்று, சுற்று!" போதும்.

குழந்தை பேசுவதைவிட ஒரு படி மட்டும் மேலே பேசுங்கள். சொல்லே இல்லாத குழந்தையிடம் ஒரு சொல். அது "பந்து" என்றால் நீங்கள் "பெரிய பந்து" என்றோ "பந்து போ" என்றோ சேர்த்துக் கொடுங்கள். தவறாகச் சொன்னால் திருத்தாமல், சரியான வடிவில் நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டு நகருங்கள். "இது என்ன? அது என்ன? என்ன நிறம்?" என்ற கேள்விகளைக் குறையுங்கள், நாள் முழுக்கத் தேர்வு வைத்தால் யாருக்குத்தான் பேசத் தோன்றும்?

எல்லாவற்றையும்விடக் கடினமானது காத்திருப்பது. ஒன்றைச் சொல்லிவிட்டு, அல்லது வேண்டியதை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, மனத்துக்குள் மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். பாசமுள்ள வீடுகளில் குழந்தை திரும்புவதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது, கேட்பதற்குள் பொம்மை வந்துவிடுகிறது. பட்டினி போட்டுப் பேச வைக்கச் சொல்லவில்லை. பார்வையோ, சைகையோ, ஒலியோ, ஏதாவது ஒன்று வந்ததும் உடனே கொடுத்துவிடுங்கள். அழும்வரை இழுக்கக் கூடாது.

அவனுக்கு எல்லாமே புரியும். பேச்சு மட்டும்தான் வரவில்லை.

உண்மையாகவே புரிகிறதென்றால் நல்ல அறிகுறி. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி, கையை நீட்டி "வா, வெளியே போகலாம்" என்றால் சொற்களே தெரியாத குழந்தையும் வரும். உங்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல், எதிர்பாராத நேரத்தில் "சீப்பை எடுத்து வா", "பொம்மையின் மூக்கு எங்கே?" என்று கேளுங்கள். இதைச் செய்தால் புரிகிறது என்று சொல்லலாம். செய்யாவிட்டால், பயிற்சி புரிதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்கரை வயதாகியும் மழலை போகவில்லை. கதவை 'ததவு' என்கிறாள். தானாகச் சரியாகிவிடுமா?

சில மழலை தானாகப் போகும். எந்த ஒலி, எந்த வயது என்பதைப் பொறுத்தது. 'ப', 'ம', 'த' முந்தி வரும். 'ர', 'ழ' பிந்தி வரும். 27 மொழிகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஐந்து வயதுக்குள் பெரும்பாலான மெய்யொலிகள் வந்துவிடுவது தெரிந்தது. நான்கு வயதுக்கு மேல் 'க'வுக்குப் பதில் 'த' சொல்வது பயிற்சியால் விரைவாகத் திருந்தக்கூடிய ஒன்று, தள்ளிப்போட வேண்டாம். 'ழ' மட்டும் 'ள' ஆகிறதென்றால் முதலில் வீட்டில் பெரியவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சுற்றி இருப்பவர்கள் பேசுவதையே குழந்தை பேசினால் அது குறைபாடு ஆகாது.

பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். மேசையில் இரண்டு படங்கள்: ஒன்று கோடு, மற்றொன்று தோடு. குழந்தை கோட்டுப் படத்தை விரும்பி "தோடு" என்று கேட்கிறது. பயிற்சியாளர் தோட்டுப் படத்தைக் கொடுக்கிறார். குழந்தை குழம்புகிறது, மறுபடி கேட்கிறது. தான் இரண்டையும் ஒரே மாதிரி சொல்கிறோம் என்பது அப்போதுதான் அதற்கு உறைக்கிறது. நூறு தடவை "க சொல்லு" என்று வற்புறுத்துவதைவிட இது பலன் தரும். ஒரே சொல்லை ஒவ்வொரு தடவையும் வேறுவேறு மாதிரி சொல்வது, வாய் எங்கே போவது என்று தேடித் தவிப்பது ஆகியவை தெரிந்தால் அது வேறு வகைச் சிக்கலாக இருக்கலாம்: பேச்சு அசைவுகளைத் திட்டமிடுவதில் குறை. அரிதானது, அடிக்கடி, நெருக்கமாகப் பயிற்சி தேவைப்படும். கண்டறிய அனுபவமுள்ளவர் வேண்டும்.

விசில் ஊதுவது, பலூன் ஊதுவது, நாக்கை நீட்டி மடக்குவது எல்லாம் செய்யச் சொன்னார்கள். இதனால் பேச்சு வருமா?

ஊதப் பழகினால் ஊத வரும். பேசப் பேசித்தான் பழக வேண்டும். பேச்சொலி இல்லாத வாய்ப்பயிற்சிகள் பேச்சைத் திருத்தும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. வாரக்கணக்கில் அது மட்டுமே நடந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மூன்று வயதில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று திக்குகிறாள். பயந்துவிட்டாளா? "மெதுவாகச் சொல்லு" என்று திருத்தலாமா?

திக்கு பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள், சொற்கள் பெருகும் பருவத்தில், சில சமயம் ஒரே வாரத்தில்கூடத் தலைகாட்டும். நூற்றில் ஏறத்தாழ ஐந்து குழந்தைகளுக்கு ஒரு கட்டத்தில் திக்கு வருகிறது, பெரும்பாலோருக்குப் போய்விடுகிறது. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பயமோ, கண்டிப்போ, உங்கள் வளர்ப்போ இதை உண்டாக்குவதில்லை.

"மெதுவாகச் சொல்லு", "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு" என்பவை நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும், 'நான் பேசுவது சரியில்லை' என்றே குழந்தைக்குக் கேட்கும். நீங்கள் உங்கள் பேச்சின் வேகத்தைக் குறையுங்கள். சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். "அந்தச் சொல் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, இல்லையா?" என்று இயல்பாகப் பேசலாம், மறைக்க வேண்டிய விஷயம் எதுவும் இதில் இல்லை.

குடும்பத்தில் யாருக்காவது நீடித்த திக்கு இருப்பது, ஆறு மாதத்துக்கு மேல் தொடர்வது, சொல் வெளியே வராமல் முகம் இறுகுவது, குழந்தையே பேசத் தயங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையில் பயிற்சியாளர் பெற்றோருக்குக் கற்றுத் தர, பெற்றோர் வீட்டில் தினமும் செய்கிறார்கள். பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கு அதற்கு நல்ல சான்று இருக்கிறது.

"தண்ணீர் வேண்டுமா?" என்றால் "தண்ணீர் வேண்டுமா" என்றே திருப்பிச் சொல்கிறான். விளம்பர வசனங்களையும் சொல்கிறான். இது ஆட்டிசமா?

பேசக் கற்கும் எல்லாக் குழந்தைகளும் சிறிது காலம் எதிரொலிப்பார்கள். அது நீடித்து, பெயர் சொன்னால் திரும்பாமை, சுட்டிக் காட்டாமை, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடுவது ஆகியவையும் சேர்ந்திருந்தால் ஆட்டிசத்துக்கான மதிப்பீடு வேண்டும். ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவு சொல்பவரை நம்பாதீர்கள்.

எதிரொலிப்பை அர்த்தமற்ற உளறல் என்று அடக்கச் சொல்லும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 1980-களிலிருந்து வந்த ஆய்வுகள் அதில் பெரும்பாலும் ஒரு நோக்கம் இருப்பதைக் காட்டின. "தண்ணீர் வேண்டுமா" என்று தானாக வந்து சொல்லும் குழந்தை தண்ணீர் கேட்கிறது. கீழே விழுந்தபோது கேட்ட வாக்கியத்தை, வலிக்கும்போதெல்லாம் சொல்லும் குழந்தை "வலிக்கிறது" என்கிறது. எங்கே, எப்போது சொல்கிறது என்று குறித்து வாருங்கள், பொருள் பிடிபடும். "வேண்டுமா?" என்று கேட்பதற்குப் பதில், குழந்தை சொல்ல வேண்டிய வடிவிலேயே "தண்ணீர் வேண்டும்" என்று சொல்லிக் கொடுங்கள்.

வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறாள். பள்ளியில் ஒரு வார்த்தை இல்லை. பிடிவாதமா?

பிடிவாதம் இல்லை, பதற்றம். பேச நினைத்தாலும் தொண்டை உறைந்துபோகும். தேர்வுசார் பேசாமை என்று இதைச் சொல்கிறார்கள். பதற்ற நோய்களின் வரிசையில் இது வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சியாளரும் மனநல நிபுணரும் சேர்ந்து பார்க்க வேண்டும். வகுப்பில் எழுப்பிவிட்டுப் பேசச் சொல்வது, பேசினால் பரிசு என்று ஊர் பார்க்க அறிவிப்பது இரண்டும் நிலைமையை மோசமாக்கும்.

படம் காட்டிக் கேட்கப் பழக்கினால், சைகை சொல்லிக் கொடுத்தால், பிறகு பேசவே சோம்பல்படுவானே?

கதவருகே நின்று கேட்கப்படும் கேள்வி இது. படத்துக்குச் சம்மதித்தால் பேச்சைக் கைவிட்டதாக ஆகிவிடுமோ என்ற துக்கம் அதற்குள் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. இத்தகைய வழிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியான ஒரு மதிப்பாய்வில், நம்பகமான தகவல் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சிறிதளவேனும் கூடியது.

காரணம் எளிது. பேச்சு மிக வேகமான வழி. வாய் இடம்கொடுக்கும்போது யாரும் படத்தைத் தேடிப் போக மாட்டார்கள். அதுவரை வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஒரு வழி வேண்டுமே? சொல்ல வழியில்லாத குழந்தை தலையை மோதிக்கொள்கிறது, கடிக்கிறது. அதை நாம் முரட்டுத்தனம் என்கிறோம். படம் வந்ததும் அந்த ஆவேசம் தணிவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். 'தகுதி' வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். குறைந்தபட்ச வயதோ அறிவுத்திறனோ இதற்குத் தேவையில்லை. பெரியவர்களும் அதே படங்களைத் தொட்டுக் காட்டிப் பேச வேண்டும். பேசும் குழந்தையும் நாம் பேசக் கேட்டுத்தானே கற்கிறது?

கையைப் பிடித்துக்கொண்டால் எழுத்துப் பலகையில் நீளநீளமாக எழுதுகிறான் என்கிறார்களே, அது?

மேலே சொன்ன படமுறையோடு இதைச் சேர்க்காதீர்கள். உதவியாளர் கையையோ தோளையோ பிடித்திருக்கும் முறைகளில், குழந்தைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறொரு படமும் காட்டிச் சோதித்தபோது, பலகையில் வந்தது உதவியாளர் பார்த்த படமே. அவர் ஏமாற்றவில்லை, தன்னை அறியாமலே நகர்த்துகிறார். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவியியல் சங்கம் 2018-ல் இந்த முறை வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. குழந்தை தானே, யாரும் தொடாமல் தேர்ந்தெடுப்பதுதான் குழந்தையின் சொல்.

பேச்சு வர மருந்து, டானிக் ஏதாவது உண்டா?

இல்லை. வலிப்பு, தைராய்டு குறைபாடு, காதில் நீர் போன்றவை இருந்தால் அவற்றுக்குச் சிகிச்சை உண்டு; அது அவசியம். ஸ்டெம் செல் செலுத்தினால் பேச்சு வரும் என்று விளம்பரப்படுத்துவதற்கு நிரூபணம் இல்லை. நம்பிக்கையோடு வரும் பெற்றோரிடம் இதை விற்பது கொடுமை.

பத்துப் பதினைந்து வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாம் நின்றுவிட்டது. மறுபடி வருமென்று காத்திருக்கலாமா?

ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். பொறுத்துப் பார்ப்பது பற்றி மேலே சொன்னது எதுவும் இதற்குப் பொருந்தாது. வந்த சொற்களையோ, சைகையையோ, கண் பார்ப்பதையோ இழப்பது எந்த வயதிலும் மருத்துவர் பார்க்க வேண்டிய அறிகுறி. ஒன்றேகால் வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் என்றால் ஆட்டிசம் இருக்கக்கூடும். நன்றாகப் பேசிய மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தை சொல்வதைப் புரிந்துகொள்வதையே இழந்தால், 1957-ல் முதலில் விவரிக்கப்பட்ட லாண்டாவ்-கிளெஃப்னர் என்ற அரிதான வலிப்பு வகையாகவும் இருக்கலாம். வெளியே வலிப்பு தெரியாமலும் அது இருக்கும். தூக்கத்தில் எடுக்கும் மூளை மின் அலைப் பதிவில் (ஈ.ஈ.ஜி.) தெரியும். கேட்கும் திறனையும் மறுபடி பாருங்கள்.

பேச்சு வந்துவிட்டது. ஆனால் இப்போது எட்டு வயதில், நடந்ததைக் கோவையாகச் சொல்லத் தெரியவில்லை, பாடமும் புரிவதில்லை. கவனம் இல்லை என்கிறார்கள்.

கவனக் குறைவாக இருக்கலாம். ஆனால் இந்த வர்ணனையைக் கேட்டால் எனக்கு முதலில் தோன்றுவது மொழி வளர்ச்சிக் குறைபாடு. ஏறத்தாழ நூற்றில் ஏழு குழந்தைகளுக்கு இருக்கிறது. ஆட்டிசத்தைவிடப் பரவலானது, ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உச்சரிப்பு தெளிவாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆசிரியர் மூன்று கட்டளைகளை ஒன்றாகச் சொன்னால் கடைசி ஒன்றை மட்டும் செய்வான். "பூனையை நாய் துரத்தியது" என்பதில் துரத்தியது யார் என்று தடுமாறுவான். நடந்ததைக் கேட்டால் நடுவிலிருந்து தொடங்குவான். சோம்பேறி என்ற பட்டம் அதற்குள் கிடைத்துவிடும்.

வாசிப்பும் எழுத்தும் மொழியின் மேல் நிற்பவை. அதனால் அவையும் தளரும். எட்டு வயதிலும் பயிற்சி பயன் தரும். கூடவே வகுப்பில் மாற்றம் வேண்டும்: கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்வது, புதிய பாடச் சொற்களை முன்கூட்டியே அறிமுகப்படுத்துவது, பதிலுக்குக் கூடுதல் நேரம் தருவது. இவற்றை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுக்கும்படி பயிற்சியாளரைக் கேளுங்கள்.

ஐந்து வயதுக்குள் பேசாவிட்டால் பிறகு பேச்சே வராது என்கிறார்களே?

சீக்கிரம் தொடங்குவது நல்லது. அதற்காக ஐந்து வயதோடு கதவு மூடிவிடுவதில்லை. ஐந்துக்குப் பிறகு பேச்சு வந்த குழந்தைகள் பலர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வரும் என்று உறுதி தரவும் என்னால் முடியாது. தருபவரிடமிருந்து விலகி நில்லுங்கள். வாய்ப்பேச்சு குறைவாகவே இருக்கப்போகும் குழந்தைக்கும் படமோ, கருவியோ, சைகையோ கொண்டு விருப்பு வெறுப்பைச் சொல்லவும், மறுக்கவும், நண்பனை அழைக்கவும் கற்றுத் தர முடியும். வயது எதுவானாலும் அந்த வேலையை இன்றே தொடங்கலாம்.

ஆறு மாதமாகப் போகிறோம். முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆளை மாற்றலாமா?

தொடக்கத்தில் எழுதப்பட்ட குறிக்கோள்களை எடுத்துப் பாருங்கள். "பேச்சு மேம்பட வேண்டும்" என்று இருந்தால் அளக்க வழியில்லை. "மூன்று மாதத்துக்குள், தனக்கு வேண்டிய ஐந்து பொருட்களைச் சைகையாலோ சொல்லாலோ தானாகக் கேட்க வேண்டும்" என்று இருந்தால் நீங்களே வீட்டில் பார்த்துச் சொல்லிவிடலாம். அறைக்குள் மட்டும் வரும் சொல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டில், பாட்டியிடம், பூங்காவில் வர வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் பதிவும் உள்ளவரா, உங்களை அறைக்குள் அனுமதிக்கிறாரா, வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்து காட்டுகிறாரா, குறிக்கோள் எட்டாதபோது முறையை மாற்றுகிறாரா என்று பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தை அழ அழ நடத்தி, "நீங்கள் இருந்தால் கெட்டுப்போகும்" என்பவரை மாற்றத் தயங்க வேண்டாம். மற்றபடி, ஆள் மாற்றுவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். மாற்றினால் பழைய அறிக்கைகளையும் குறிக்கோள் தாளையும் கேட்டு வாங்கிப் புதியவரிடம் கொடுங்கள். குழந்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.